கிற்றார் பெடல் கட்டுவோருக்கு: எந்தப் பாகம் அப்படியே வேண்டும், எதை மாற்றலாம்

மின்கிற்றார் வாசிப்பவர் தமது காலடியில் வைத்து, வேண்டியபோது மிதித்து இயக்கும் சிறு உலோகப் பெட்டியே பெடல் எனப்படுகிறது. கிற்றாரில் இருந்து புறப்படும் மின் சமிக்ஞை ஒரு பக்கத்தால் அதனுள் நுழைந்து, பருத்தோ கரகரத்தோ மறுபக்கத்தால் அம்ப்ளிபயருக்குப் போகிறது. மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருமண வீட்டு இசைக்குழுக்களிலும் கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களில் சிலர், பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் திரான்சிற்றரைப் படித்த நினைவோடு, பெடல் ஒன்றைத் தாமே கட்டிப் பார்க்க விரும்புகின்றனர். இணையத்தில் சுற்றுப்படம் கிடைக்கிறது. பாகப் பட்டியலும் கிடைக்கிறது. பட்டியலை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், அதில் பாதி அங்கே இல்லை என்று தெரியவருகிறது. அத்தோடு முயற்சியும் நின்றுவிடுகிறது.

அப்படி நின்றுவிட வேண்டியதில்லை. பாகப் பட்டியல் என்பது பெரும்பாலும், அதை எழுதியவருக்கு அவர் இருந்த ஊரில் எவை எளிதாகக் கிடைத்தன என்பதன் பதிவே. அதில் சில பாகங்கள் எழுதியபடியே இருந்தாக வேண்டும். வேறு சிலவற்றைப் பக்கத்துப் பெறுமானத்தால் தயங்காமல் மாற்றலாம். இன்னும் சிலவற்றை மாற்றினால் பெடல் வேலை செய்யும், ஆனால் ஒலி மாறும். இந்த மூன்று வகையையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு ஊர்க் கடையே பெருமளவு போதும். அதற்காக, ஒரேயொரு திரான்சிற்றரைக் கொண்ட மிக எளிய சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒலியைப் பற்றிச் சிறிது. கிற்றாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள, பிக்கப் எனப்படும் காந்தச் சுருளில் மிகச் சிறிய ஆடலோட்ட வோல்ற்றளவு தோன்றுகிறது. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப்பில் அது வழக்கமாக ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவில் இருக்கும். இரட்டைச் சுருள் கொண்டதில், பலமாக மீட்டினால் ஒரு வோல்ற்று வரையும் போகலாம். இந்தச் சிறு அலையைத் திரான்சிற்றர் பெரிதாக்குகிறது. ஆனால் 9 வோல்ற்று பற்றரியில் இயங்கும் திரான்சிற்றரால் 9 வோல்ற்றுக்கு மேற்பட்ட அலையைத் தர முடியாது. அலை அதற்கு மேல் வளர முயன்றால், அதன் தலையும் அடியும் கத்தரித்த வேலியைப் போலத் தட்டையாகிவிடும். இவ்வாறு அலை வெட்டுப்படுவதைத்தான் கிற்றார்காரர்கள் டிஸ்டோர்ஷன், ஓவர்டிரைவ், ஃபஸ் என்று பலவாறு அழைக்கின்றனர். வளைவான அலை தட்டையாகும்போது, மூல மீடிறனோடு அதன் மடங்குகளும் புதிதாகச் சேர்கின்றன. 110 ஹேர்ட்ஸில் அதிரும் ஏ கம்பியின் அலையை இருபுறமும் ஒரே அளவாக வெட்டினால் 330, 550 என ஒற்றை மடங்குகள் கூடுகின்றன. ஒருபுறம் கூடவும் மறுபுறம் குறையவும் வெட்டினால் 220, 440 என இரட்டை மடங்குகளும் வருகின்றன. காது இந்தச் சேர்மானத்தைத்தான் கரகரப்பு என்றும் கனம் என்றும் உணர்கிறது.

இந்த ஒலி முதலில் ஒரு பழுதாகவே பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவின்போது, ஒலிக்கலவைக் கருவியில் ஒரு பகுதி கெட்டுப்போனதால் கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றார் கரகரத்து ஒலித்தது. 1961இல் அது அப்படியே வெளியாகி மக்களுக்குப் பிடித்தும் போயிற்று. அந்த ஒலியை வேண்டியபோது உண்டாக்க, ஒலிப்பதிவுப் பொறியியலாளரான கிளென் ஸ்னொடி திரான்சிற்றர்களைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்தார். அதையே கிப்சன் நிறுவனம் 1962இல் மாயெஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் பெடலாக விற்றது. இந்தத் துறையில் இன்றும் பழுதுக்கும் பாணிக்கும் இடையே தெளிவான எல்லை கிடையாது. தவறான பெறுமானத்தை வைத்துவிட்டு அந்த ஒலியே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

ஒரு திரான்சிற்றர், ஏழு பாகங்கள்

நாம் எடுத்துக்கொள்ளும் சுற்று, 1960களின் இறுதியில் இலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் எல்பிபி-1 என்ற பெயரில் வெளியிட்ட பூஸ்டர். கிற்றார் சமிக்ஞையைப் பெரிதாக்குவது மட்டுமே அதன் வேலை. உயர்தரத்தில் தொழினுட்பம் படிப்போர் பார்த்தவுடன் இது சாதாரணப் பொதுக் காலி விரியலாக்கி என்று சொல்லிவிடுவர். உள்ளே 2என்5088 என்ற என்பிஎன் திரான்சிற்றர் ஒன்று. அதன் மூன்று கால்களுக்கும் அடி (பேஸ்), சேகரிப்பான் (கலெக்டர்), காலி (எமிட்டர்) என்று பெயர். அதன் அடியில் இருந்து 9 வோல்ற்றுக்கு 430 கிலோ ஓம் தடையியும், அடியில் இருந்து நிலத்துக்கு, அதாவது பற்றரியின் எதிர்முனையோடு சேரும் பொது இணைப்புக்கு, 43 கிலோ ஓம் தடையியும் உள்ளன. சேகரிப்பானில் இருந்து 9 வோல்ற்றுக்கு 10 கிலோ ஓம். காலியில் இருந்து நிலத்துக்கு 390 ஓம். உள்ளே வரும் வழியில் 100 நனோபரட் கொள்ளளவி ஒன்று, வெளியே போகும் வழியில் அதே போல இன்னொன்று. இறுதியில் ஒலியைக் கூட்டிக் குறைக்க 100 கிலோ ஓம் மாறுந்தடை. சுற்று இவ்வளவே.

இனிக் கடைக்குப் போவோம். 430, 43 ஆகிய பெறுமானங்கள் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடைகளில் அனேகமாக இருக்காது. அங்கே புழங்குவது 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று பன்னிரண்டு படிகளில் ஏறும் வரிசை. 43 அதில் இல்லை.

“நாப்பத்திமூணு இல்ல தம்பி, நாப்பத்தேழுதான் இரிக்கு. தரட்டா?”

“தாங்க அண்ண. மத்ததையும் நானூத்தியெழுபதாத் தாங்க, சரிவரும்.”

இந்தப் பதிலில்தான் விடயம் உள்ளது. அடியில் இருக்கும் இரு தடையிகளும் சேர்ந்து 9 வோல்ற்றைப் பங்கிட்டு, திரான்சிற்றர் ஓய்வில் இருக்கும்போது அதன் அடியில் நிற்க வேண்டிய வோல்ற்றளவைத் தீர்மானிக்கின்றன. இதையே பாடநூல் கோடல் என்கிறது. பங்கீட்டைத் தீர்மானிப்பது தடையிகளின் தனித்தனிப் பெறுமானமன்று, அவற்றுக்கிடையிலான விகிதம். 430க்கு 43 என்பது பத்துக்கு ஒன்று. 470க்கு 47 என்பதும் பத்துக்கு ஒன்றே. இரண்டையும் சேர்த்து மாற்றினால் அடியில் ஏறத்தாழ 0.8 வோல்ற்று முன்போலவே நிற்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் விகிதம் குலைந்து, கோடலும் நகர்ந்துவிடும். நிற வளையங்களைப் பார்த்து வாங்குவோருக்கு: 470 கிலோ ஓம் என்பது மஞ்சள், ஊதா, மஞ்சள், 47 கிலோ ஓம் என்பது மஞ்சள், ஊதா, செம்மஞ்சள். மங்கலான கடை வெளிச்சத்தில் செம்மஞ்சளும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரிவதால், மல்ரிமீற்றரை வைத்து ஒருமுறை அளந்து பார்ப்பதே நல்லது.

சேகரிப்பானில் உள்ள 10 கிலோ ஓமும் காலியில் உள்ள 390 ஓமும் இன்னொரு சோடி. அலை எத்தனை மடங்கு பெருகும் என்பது பெரும்பாலும் இவற்றின் விகிதத்தில் தங்கியுள்ளது. 10,000ஐ 390ஆல் வகுத்தால் 25க்குச் சற்று மேல் வரும். உண்மையில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. 390 கிடைக்காத இடத்தில் 470 போட்டால் பெருக்கம் குறையும். 330 போட்டால் கூடும். பெடல் இரு விதத்திலும் ஒலிக்கும். ஆக, அடித் தடையிகளைச் சோடியாக மட்டுமே மாற்ற வேண்டும். காலித் தடையியையோ விருப்பத்துக்கேற்ப ஓரளவு மாற்றலாம்.

கொள்ளளவிகள் வேறு விதம். உள்வரும் கொள்ளளவி, நேரோட்டத்தைத் தடுத்து ஆடலோட்ட அலையை மட்டும் உள்ளே விடுகிறது. ஆனால் அது எல்லா அலைகளையும் ஒரே அளவில் விடுவதில்லை. இந்தச் சுற்று கிற்றாருக்குக் காட்டும் உள்ளீட்டுத் தடை ஏறத்தாழ 30 கிலோ ஓம். அதோடு 100 நனோபரட் சேரும்போது, ஏறத்தாழ 50 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் மட்டுமே தேய்கின்றன. கிற்றாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸில் அதிர்வதால், இழப்பு பெரிதாகத் தெரியாது. அதே இடத்தில் 10 நனோபரட் போட்டால் எல்லை 500 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். தடித்த கம்பிகள் மெலிந்து, கீச்சொலி முன்னே வரும். இதைப் பிழை என்று சொல்ல முடியாது. கூட்டமாக வாசிக்கும்போது தனியாகத் தெரிய விரும்புவோர் வேண்டுமென்றே இப்படிச் செய்வதுண்டு. ஆகவே 100 கேட்டு 82 அல்லது 120 கிடைத்தால் வாங்கலாம். 10 கிடைத்தால், ஒலி மாறும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கடையில் கொள்ளளவியைப் பெறுமானம் சொல்லிக் கேட்பதைவிட, அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்பதே வழக்கம். 104 என்றால் 10க்குப் பின் நான்கு சுழியங்கள் இட்ட பிக்கோபரட், அதாவது 100 நனோபரட். 103 என்றால் 10 நனோபரட். 473 என்றால் 47. மஞ்சள் நிறச் செரமிக் வில்லைகளும் பச்சை நிற மைலார் கொள்ளளவிகளும் இதே எண்களில் வருகின்றன. சமிக்ஞை செல்லும் வழியில் மைலாரை வைப்பது நல்லது. சில செரமிக் வகைகள் தட்டும்போது தாமே ஒரு சிறு சத்தத்தை எழுப்பும். காலால் மிதிக்கும் கருவிக்கு அது உகந்ததன்று.

திரான்சிற்றரின் கால்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2என்5088 நம் ஊர்க் கடைகளில் அரிது. பிசி547, சி1815, 2என்3904 ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். மூன்றும் சிலிக்கன் என்பிஎன் வகையே, மூன்றும் இந்தச் சுற்றில் வேலை செய்யும். ஆனால் கால்களின் ஒழுங்கு ஒன்றல்ல. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கியிருக்கப் பிடித்தால், 2என்5088இலும் 2என்3904இலும் இடமிருந்து வலமாகக் காலி, அடி, சேகரிப்பான் என்று வரும். பிசி547இல் அது நேர் எதிராகச் சேகரிப்பான், அடி, காலி என்று வருவதால், பாகத்தைத் திருப்பிப் போட்டால் போதும். சி1815இலோ காலி, சேகரிப்பான், அடி என்று வரிசையே வேறு. அதைத் திருப்பிப் போட்டாலும் சரிவராது. இரு கால்களை ஒன்றையொன்று தொடாமல் குறுக்காக வளைத்துச் செருக வேண்டும்.

சந்தேகம் வந்தால், மல்ரிமீற்றரை இருவாயி (டயோட்) சோதிக்கும் நிலையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு முனையை எந்தக் காலில் வைத்தால் மற்ற இரண்டுக்கும் 0.6, 0.7 அளவில் வாசிப்பு வருகிறதோ அதுவே அடி. அந்த இரு வாசிப்புகளில் சற்றுக் கூடியதைக் காட்டும் கால் காலி, மற்றது சேகரிப்பான். வேறுபாடு சில மில்லிவோல்ற்றாகவே இருக்கும், ஆனால் தவறாது.

பெருக்கும் திறனும் கவனிக்கத்தக்கது. 2என்5088 குறைந்தது 300 மடங்கு ஓட்டப் பெருக்கம் தருவது. பிசி547இல் இறுதி எழுத்து ஏ ஆனால் 110 முதல் 220 வரை, பி ஆனால் 200 முதல் 450 வரை, சி ஆனால் 420 முதல் 800 வரை. கடைக்காரரிடம் பிசி547 என்று மட்டும் கேளாமல், இறுதியில் சி அல்லது பி உள்ளது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திறன் குறைந்த திரான்சிற்றர் அடியில் இருந்து கூடிய ஓட்டத்தை இழுப்பதால் அங்குள்ள வோல்ற்றளவு தாழ்ந்து, கோடல் பிசகும். சுற்றைக் கட்டி முடித்தபின் சேகரிப்பானுக்கும் நிலத்துக்கும் இடையே அளந்தால் இது உடனே வெளிப்பட்டுவிடும். 3 முதல் 6 வோல்ற்று வரை எதுவாயினும் நல்லது. 7 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் திறன் போதாது அல்லது கால் மாறிவிட்டது என்று கொள்ளலாம். சுழியத்தை ஒட்டிக் காட்டினால், எங்கோ ஈயம் வழிந்து இரு இடங்களை இணைத்திருக்கக்கூடும்.

பூஸ்டர் சரியாக ஒலித்தபின், அதை டிஸ்டோர்ஷனாக மாற்ற இரண்டே இருவாயிகள் போதும். வெளிக் கொள்ளளவிக்குப் பிறகு, மாறுந்தடைக்கு முன்பாக, 1என்4148 இரண்டை எதிரெதிர்த் திசையில் நிலத்துக்கு இணைக்க வேண்டும். சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.6 வோல்ற்றில் கடத்தத் தொடங்குவதால், 2 வோல்ற்றுக்கு மேல் வளர்ந்து வந்த அலை இருபுறமும் 0.6 அளவில் வெட்டுப்படும். 1என்4148 இல்லையா? மின்வழங்கிகளில் கிடக்கும் 1என்4007ஐப் போட்டாலும் வெட்டும் அளவு அதுவே. சிவப்பு எல்ஈடி இரண்டு போட்டால், அவை 1.7 வோல்ற்றுக்குப் பக்கத்தில்தான் கடத்துவதால் வெட்டு குறைந்து ஒலி உரத்து வரும். பழைய வானொலிகளில் காணப்படும் கண்ணாடி உடல் கொண்ட ஜேர்மானியம் இருவாயிகளோ 0.3 வோல்ற்றிலேயே வெட்டுவதால், ஒலி மெதுவாகவும் மிருதுவாகவும் இருக்கும். ஒரு புறம் சிலிக்கனும் மறு புறம் எல்ஈடியும் வைத்தால் வெட்டு சமனற்றதாகி, முன்னே சொன்ன இரட்டை மடங்குகள் சேரும். பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டுக் காதை நம்பலாம் என்று நான் சொல்லக்கூடிய ஓரிடம் இதுதான்.

எதை எங்கே தேடுவது

தடையி, இருவாயி, சாதாரணத் திரான்சிற்றர் ஆகியவற்றுக்கு மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ இருக்கும் வானொலி, தொலைக்காட்சி திருத்துமிடங்களே போதும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரும் அவர்களுக்கு அம்ப்ளிபயர் கட்டிக் கொடுப்போரும் இன்னும் பயனுள்ளவர்கள். பெடல் கட்டுவோர் ஏனோ இவர்களை நினைப்பதே இல்லை. கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போகும் மைக் வயர்களில் உள்ள 6.35 மில்லிமீற்றர் ஜாக்குதான் கிற்றார் ஜாக்கும். அது பொருந்தும் பெண் ஜாக், கவசமிட்ட ஒற்றை வயர், ஒலி கூட்டும் மாறுந்தடை எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். உள்வரும் பக்கத்துக்கு ஸ்டீரியோ ஜாக் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பற்றரியின் எதிர்முனையை அதன் நடு வளையத் தகட்டில் இணைத்தால், கிற்றார் வயரைச் செருகும்போது மட்டும் சுற்றுக்கு மின் வரும். வயரைக் கழற்றினால் நிற்கும். தனியாகச் சுவிட்ச் தேவையில்லை.

மாறுந்தடை வாங்கும்போது அதன் முதுகில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும். பி100கே என்றால் நேர்விகிதத்திலும், ஏ100கே என்றால் காதின் உணர்வுக்கேற்ற மடக்கை விகிதத்திலும் கூடும். ஒலியளவுக்கு ஏ வகையே வசதி. பி வகை கிடைத்தால், முதற் காற்பகுதிக்குள்ளேயே ஒலி பெரும்பாலும் கூடிவிட்டதுபோலத் தோன்றும், வேறு தீங்கில்லை.

கழித்துவிட்ட பழைய மின்பலகைகள் மலிவான சுரங்கம். தடையி, மைலார் கொள்ளளவி, 1என்4148 ஆகியவற்றை அவற்றில் இருந்து எடுத்துப் பயன்படுத்தலாம். மின்பகு கொள்ளளவிகளை மட்டும் எடுக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்து அவை உள்ளே காய்ந்திருக்கும். தொலைக்காட்சி, கணினி மின்வழங்கி ஆகியவற்றின் பலகையில் 230 வோல்ற்று மின்சாரத்தை நேராக்கிச் சேமிக்கும் பெரிய கொள்ளளவி ஒன்று இருக்கும். செருகியைக் கழற்றிய பின்பும் அதில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். அனுபவமில்லாதவர் அந்தப் பலகைகளைத் தொடவே கூடாது.

கிடைக்கக் கடினமானது மிதிசுவிட்ச். ஒன்பது கால்களைக் கொண்ட, மூன்று இணைப்புகளை ஒரே மிதியில் மாற்றும் அந்தச் சுவிட்ச் கிற்றார் உலகத்துக்கு வெளியே அதிகம் பயன்படாததால், ஊர்க் கடையில் தேடுவது வீண். கொழும்புப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கமாகத் தேடலாம். இல்லையேல் இணையத்தில் வரவழைக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். என் கருத்தில் முதற் பெடலுக்கு அது தேவையே இல்லை. எப்போதும் இயங்கும்படி கட்டி, ஒலி பிடித்தபின் சுவிட்சை வரவழைக்கலாம். பலர் சுவிட்சுக்காகக் காத்திருந்தே ஆர்வத்தை இழக்கின்றனர். சுவிட்ச் வந்தபின் அதன் கால்களில் ஈயம் வைக்கும்போது சூட்டை ஓரிரு வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. உள்ளேயுள்ள பிளாஸ்டிக் இளகினால் சுவிட்ச் போய்விடும். இணையத்தில் திரான்சிற்றரும் ஐசியும் வாங்குவோர், மிக மலிவானவற்றில் எழுத்தை மாற்றி அச்சிட்ட போலிகள் கலந்துவரும் என்பதை எதிர்பார்த்து, வந்ததும் அளந்து பார்க்க வேண்டும்.

பெட்டிக்கு வெளிநாட்டார் குறிப்பிடுவது, 112 மில்லிமீற்றர் நீளமும் 60 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட வார்ப்பு அலுமினியப் பெட்டி. அதற்கு ஈடாக, அலுமினியக் கதவு, யன்னல் பொருத்தும் வேலைத்தலங்களில் வெட்டி ஒதுக்கிய அகலமான பொக்ஸ் பார் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். நான்கு பக்கமும் மூடிய குழாய் வடிவில் இருப்பதால், இரு முனைகளுக்கும் தகடு வெட்டிப் பொருத்தினால் போதும். வெட்டும் வாள் அங்கேயே இருக்கும், கேட்டால் சதுரமாக வெட்டியும் தருவார்கள். மிதிசுவிட்சுக்கு 12 மில்லிமீற்றர், ஜாக்குக்கு ஏறத்தாழ 10, மாறுந்தடைக்கு 7 என்று துளைகள் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி எளிது, ஆனால் அது மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை உள்ளே விடும். அதைத்தான் பயன்படுத்துவது என்றால் உட்புறம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டி, அந்தத் தாளை நிலத்தோடு இணைக்க வேண்டும்.

மின்சாரமும் கட்டுமானமும்

சுற்று உண்பது அரை மில்லி அம்பியர் அளவே. எரிவதைக் காட்டும் எல்ஈடியை 4.7 கிலோ ஓம் தடையியோடு வைத்தால் அது ஒன்றரை மில்லி அம்பியர் உண்ணும். அதாவது பற்றரியைத் தீர்ப்பது பெடல் அன்று, அதன் விளக்கு. அடப்டரில் இயக்க விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் இணைய ரவுட்டர் அடப்டர்களில் நடுமுனை நேராகவும் வெளிவளையம் எதிராகவும் இருப்பதே வழக்கம். கிற்றார் பெடல்களில் அது தலைகீழ், நடுமுனையே எதிர். அடப்டரின் மேல் வரைந்துள்ள வட்டக் குறியைப் பார்த்து உறுதிசெய்த பிறகே செருக வேண்டும். எவராவது மாற்றிச் செருகினாலும் சுற்று தப்புவதற்காக, நேர்முனை வழியில் 1என்4007 ஒன்றைத் தொடராக வைக்கலாம். 0.6 வோல்ற்று அளவு இழப்பு வரும், பரவாயில்லை. அதன்பின் 100 ஓம் தடையியும் அங்கிருந்து நிலத்துக்கு 16 வோல்ற்று தாங்கும் 100 மைக்குரோபரட் கொள்ளளவியும் வைத்தால், மலிவான அடப்டரின் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

ஈயம் வைக்கும் முன் முழுச் சுற்றையும், ஈயமின்றிப் பாகங்களைச் செருகும் பிரெட்போட்டில் செருகி ஒலிக்கச் செய்து பார்ப்பது நல்லது. கொள்ளளவிகளையும் இருவாயிகளையும் மாற்றி மாற்றிக் கேட்பதற்கு வேறு வழியில்லை. பிறகு துளையிட்ட செப்புப் பலகையில் அதே ஒழுங்கில் ஈயத்தால் பற்றவைக்கலாம். 30 வாற்று அளவிலான சோல்டரிங் அயனும் உள்ளே பிசின் உள்ள மெல்லிய ஈயமும் போதும். அயனால் ஈயத்தை உருக்கிப் பாகத்தில் சொட்டவிடக் கூடாது. பாகத்தின் காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அவற்றில் வைத்து உருகச் செய்ய வேண்டும். ஒழுங்காகப் பிடித்த ஈயம் பளபளத்துக் காலோடு சரிந்து நிற்கும். பிடிக்காதது மங்கிய உருண்டையாக மேலே குந்தியிருக்கும்.

கல்லடி, காத்தான்குடி, காரைதீவு போன்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று வெற்றுச் செம்பை விரைவில் கறுக்கச் செய்கிறது. பற்றவைத்து முடித்ததும் மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் பலகையைத் துடைத்து, காய்ந்தபின் நிறமற்ற நகப்பூச்சை ஈயம் வைத்த பக்கத்தில் மெல்லியதாகப் பூசிவிட்டால் நெடுநாள் தாங்கும். ஜாக்குகளின் தொடுமுனைகளில் பூச்சு படக் கூடாது.

கட்டி முடித்தும் ஒலி வராவிட்டால், தேடுவதற்கு எளிய கருவி ஒன்றுண்டு. கிற்றார் வயர் ஒன்றின் ஒரு முனையை அம்ப்ளிபயரில் செருகி, மறுமுனையின் நடுக்கம்பியோடு 104 கொள்ளளவி ஒன்றைத் தொடராக இணைத்து, கவசத்தைச் சுற்றின் நிலத்தோடு கௌவிவிட வேண்டும். நண்பர் ஒருவர் கிற்றாரை மீட்டிக்கொண்டிருக்க, கொள்ளளவியின் வெறுங்காலால் உள்ஜாக், உள்வரும் கொள்ளளவியின் இரு பக்கம், அடி, சேகரிப்பான், வெளிக் கொள்ளளவி என்று வரிசையாகத் தொட்டுப் போகலாம். அடியில் சிறிதாகக் கேட்டு, சேகரிப்பானில் பெரிதாகக் கேட்டு, அடுத்த இடத்தில் ஒன்றும் கேட்காவிட்டால், பழுது அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான். பற்றரியில் இயங்கும் சுற்றுகளில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அம்ப்ளிபயரின் ஒலியைத் தொடக்கத்தில் மிகக் குறைத்து வைப்பது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நல்லது.

இதை முடித்தவர்கள் அடுத்ததாக 4558 என்ற எட்டுக்கால் ஐசியை எடுத்துக்கொள்ளலாம். 1979இல் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமரின் உள்ளே இருந்தது இந்த வகைதான். அம்ப்ளிபயர் கட்டுவோர் வைத்திருக்கும் மலிவான பாஸ், டிரெபிள் டோன் போட்டுகளில் இருப்பதும் இதுவே. அந்தப் பெடலில் இருவாயிகள் நிலத்துக்குப் போவதில்லை. ஐசியின் வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ளன. அதனால் வெட்டு சட்டென்று விழாமல் வளைந்து விழுகிறது. ஐசிக்கு 9 வோல்ற்றின் பாதியான 4.5 வோல்ற்று ஓய்வுநிலையும் வேண்டும். 10 கிலோ ஓம் தடையிகள் இரண்டை 9 வோல்ற்றுக்கும் நிலத்துக்கும் இடையே தொடராக வைத்தால் நடுவில் அது கிடைக்கும். 10 கிலோ ஓம் இல்லையென்றால், ஒரே பெறுமானமுள்ள 12 அல்லது 15 இரண்டும் அந்த வேலையைச் செய்யும்.